சாம்பல் ஏறாத நெற்றி

காரையூரணியில் அந்த வருஷத்து உயிர்ப்பு ஞாயிறு விடிந்தபோது ஊரில் இருந்த அத்தனை பேர் நெற்றியிலும் சாம்பல் சிலுவை இருந்தது. பல் தேய்க்கக் குழாயடிக்கு வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். தவக்காலத் தொடக்கத்தில், சாம்பல் புதனன்று சாமியார் பூசிவிட்டதை இவன் இன்னுமா கழுவவில்லை என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். பிறகு தன் நெற்றியைத் தொட்டு, விரலில் ஒன்றும் ஒட்டாததைப் பார்த்து, தண்ணீர் அள்ளிக் கழுவி, சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, தோல் சிவந்து எரிய எரியச் சிலுவை மட்டும் கறுத்தபடியே நிற்பதைக் கண்ட பிறகுதான் சிரிப்பை நிறுத்தினார்கள். தொட்டில் பிள்ளைகளுக்கும் இருந்தது. பாயோடு பாயாகக் கிடந்த கிழவர்களுக்கும் இருந்தது. வெள்ளை உடுப்போடு பூசை வைக்கப் பீடமேறிய பங்குச்சாமிக்கும் இருந்தது. கோயிலின் கடைசித் தூணோரம் முட்டிபோட்டிருந்த அமலோற்பவத்தின் நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது.

ஊர் அதற்காக அலறவில்லை. மழை பொய்த்தால் எப்படி ஒரு நாள் வானத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் விறகு வெட்டப் போவார்களோ அப்படி, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவரவர் கறி எடுக்கப் போனார்கள். நாற்பது நாள் ஒறுத்தலுக்குப் பிறகு வருகிற கறிச்சோறு.

அமலோற்பவம் சந்தியாகுவின் மகள். சந்தியாகு அந்தத் தவக்காலத்துக்குச் சற்று முன்னால்தான் செத்துப்போயிருந்தார். அவருக்குக் கரிமூட்டம் போடுகிற வேலை. கருவேல விறகை வெட்டி, கூம்பாக அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைத்துவிட்டு, அது வெளியே வெடித்துவிடாமல் நாள்கணக்கில் சுற்றிச் சுற்றி வந்து காவல் காப்பார். மூட்டத்தின் பொத்தலில் நூலாகப் புகை வருவதைப் பார்த்துக்கொண்டே ஜெபமாலை உருட்டுவார். "உள்ள எரியுது, வெளிய தெரியல பாத்தியா ஆத்தா. உத்தரிக்கிற ஸ்தலத்துல பாவம் தீர எரியிற ஆத்துமாக்களும் இப்பிடித்தான்" என்று மகளிடம் சொல்வார். உடம்பெல்லாம் கரியாக இருக்கிற மனிதர், காலைப் பூசைக்கு முதல் மணி அடிக்கும்போது ஊரணியில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கோயில் வாசலில் கதவு திறக்கக் காத்து நின்றுகொண்டிருப்பார். பேர் தெரியாமல் செத்தவர்களுக்காக ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டார்.

அந்தச் சந்தியாகுதான் காரையூரணியின் யூதாசு.

இளமையில், ஊரில் முதன்முதலாக யேசுவின் பாடுகளைக் காட்டுகிற பாஸ்கா நாடகம் போடுவதென்று முடிவானபோது, யேசுவாக நிற்க ஊர்ப் பெரியவர் கஸ்பார் அம்பலம் முன்வந்தார். ராயப்பராக, அருளப்பராக, பிலாத்துவாக, ஏன், வாரால் அடிக்கிற சேவகராக நிற்கவும் ஆள் இருந்தது. யூதாசுக்கு மட்டும் யாரும் இல்லை. அன்றைய சாமியார் பீடத்திலிருந்தே கேட்டார். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து சந்தியாகு எழுந்து, "நான் நிக்கிறேன் சாமி. கர்த்தரோட பாடு நடக்கணும்னா அந்த ஆளும் வேணும்ல" என்றார். கோயிலில் எல்லாருக்கும் பாரம் இறங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்க வேண்டி வரவில்லை.

நாடகத்துக்கு முன்னால் ஒரு தடவை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வார். முத்தம் கொடுத்துக் காட்டிக்கொடுத்துவிட்டு இறங்கிய பிறகு இன்னொரு தடவை செய்வார். மஞ்சள் அங்கியோடு மரத்தில் தொங்குகிற கட்டம் வரும்போது, இடுப்பில் கட்டிய கயிற்றில் அவர் ஆடிக்கொண்டிருக்க, பெண்கள் கைநிறைய மண்ணை அள்ளி எறிவார்கள். முதல் வருஷம் ஒருத்தி உணர்ச்சி தாளாமல் காறித் துப்பினாள். இரண்டாம் வருஷம் பத்துப் பேர் துப்பினார்கள். பிறகு அது குருத்தோலை வாங்குவது போல, சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்வது போல, பெரிய வெள்ளியின் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. துப்பாமல் வந்தால் தவம் முழுமையாகாது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அவர் எச்சிலோடு வீட்டுக்கு வந்து கிணற்றடியில் உட்காருவார். மனைவி வாய்க்குள் யாரையோ திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவாள். "எச்சிதானே, போயிரும்" என்பார் சந்தியாகு.

எச்சில் போனது. பெயர் போகவில்லை. தபால்காரர்கூட யூதாசு வீடு என்றுதான் வழி கேட்டார். மூட்டம் பற்றிக்கொண்டு எரிந்தால் யூதாசுக்குக் கூலி என்றார்கள். அமலோற்பவத்தைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஊர் எல்லையிலேயே யாரிடமாவது விசாரித்துவிட்டு, வந்த வண்டியிலேயே திரும்பினார்கள். அவள் தையல் மிஷின் வாங்கி வைத்துக்கொண்டு, பக்கத்து ஊர்களுக்கு ரவிக்கை தைத்தாள். உள்ளூரில் அவளிடம் துணி கொடுக்க மாட்டார்கள். தாய் செத்த வருஷம், தவக்காலத்துக்கு முன்னால், சோறு போட்டுவிட்டு அப்பாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"இந்த வருஷத்தோட விட்டுருங்கப்பா."

"நான் விட்டா வேற ஒருத்தன் நிக்கணும். அவன் வீட்டுலயும் பொண்ணு இருக்கும். அது உன்ன மாதிரி உக்காரணும்."

"அப்ப நான் உக்காந்தா பரவால்லயா?"

சந்தியாகு பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. அந்த வருஷமும் மஞ்சள் அங்கியைத் துவைத்துக் காயப்போட்டார்.

வருஷக்கணக்கில் குடித்த புகை கடைசியில் நெஞ்சை அடைத்துவிட்டது. பங்குச்சாமி வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தபோது, மூச்சு வாங்க வாங்க, "ஆள் பாத்துக்கங்க சாமி. என்னால பாஸ்கா நின்னுறக் கூடாது" என்றார். மத்தியானம் செத்துப்போனார். அடக்கத்துக்கு வந்தவர்கள் குறைவுதான். குழியில் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். கையில் மண்ணோடு நின்ற ஒரு கிழவி, இத்தனை வருஷப் பழக்கத்தில், மண்ணைப் போட்டதும் காறித் துப்பிவிட்டாள். துப்பிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அமலோற்பவம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வருஷம் யூதாசுக்கு ஆள் கிடைக்கவில்லை. பெண் வைத்திருந்தவர்கள் பெண்ணைச் சொன்னார்கள், இல்லாதவர்கள் இனி பிறக்கப்போவதைச் சொன்னார்கள். கடைசியில் இளைஞர்கள் கூடிப் பேசி, "யூதாசு இல்லாமயே போட்ருவோம். சேவகர் நேரா வந்து புடிச்சிட்டுப் போகட்டும்" என்றார்கள். அப்படியே நடந்தது. முத்தமில்லாமல் கஸ்பார் அம்பலத்தைப் பிடித்தார்கள், அடித்தார்கள், அறைந்தார்கள், இறக்கினார்கள். மரத்தடியில் வழக்கம்போல வந்து கூடிய பெண்கள், எறிய ஆளில்லாமல், கைப்பிடி மண்ணோடு வீட்டுக்குப் போனார்கள்.

அதற்கடுத்து வந்த உயிர்ப்பு ஞாயிறு விடிந்தபோதுதான் சாம்பல் வந்தது.

முதலில் ஆண்கள் தலைத்துண்டை இறக்கிக் கட்டினார்கள். பெண்கள் முந்தானையைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நெற்றியில் துணிப்பட்டை கட்டி அனுப்பினார்கள். அந்தப் பட்டையைத் தைக்க அமலோற்பவத்திடம் வந்தார்கள். அதுநாள்வரை அவள் மிஷினில் ஊசி ஏறாத காரையூரணித் துணியெல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. தைத்துக் கொடுத்தாள். பட்டை வாங்க வந்தவர்கள் அவள் நெற்றியைப் பார்க்காமல் தையலைப் பார்த்துப் பேசினார்கள். "சாம்பலூர் எத்தன டிக்கெட்டு?" என்று பஸ் கண்டக்டர் கேட்கத் தொடங்கினார். டவுன் போட்டோக் கடைக்காரர் கல்யாணப் படங்களில் சிலுவையை அழித்துக் கொடுப்பதில் தேர்ந்துவிட்டார். சாமியார்களுக்கெல்லாம் பெரியவரான மேற்றிராணியார் அனுப்பிய ஒரு படித்த சாமியார் வந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒரு கிழவனின் நெற்றியைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போனார். பிறகு வரவில்லை.

கொஞ்ச நாளில் ஊருக்குக் காரணம் பிடிபட்டது. சந்தியாகுவின் குழிமேல் பளிங்குக் கல் வைத்தார்கள். பாட்டுப் பூசை வைத்தார்கள். பங்குச்சாமி பிரசங்கத்தில் அவரை நீதிமான் என்றார். மறுநாள் காலையில் எல்லாரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். இருந்தது அப்படியே இருந்தது. அமலோற்பவத்தின் வீட்டுக்குப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள்.

"நீ மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு ஆத்தா."

"மன்னிச்சிட்டேன்" என்றாள் அவள், மிஷினை நிறுத்தாமல்.

அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. அவள் மனசார சொல்லாததாலா, அது அவள் கொடுக்க வேண்டிய மன்னிப்பே இல்லாததாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

வைகாசி வெயிலில், மறுபடி நாடகம் போடுவோம், யூதாசோடு போடுவோம் என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கியது. டீக்கடை வியாகப்பன் பெயர் வந்தது. அழுதுகொண்டே அங்கி போட்டான். அவனைத் தொங்கவிட்டு மண்ணெறிந்து துப்பினார்கள். அவன் போட்ட டீக்காகவும் அளந்த பாலுக்காகவும் சேர்த்தே துப்பினார்கள். இறக்கிவிட்டு முகம் கழுவியபோது அவன் நெற்றி சுத்தமாக இருந்தது. ஊரே ஓவென்று கூவியது. அன்றைக்கு அதே இடத்தில் நான், நீ என்று யூதாசாக நிற்க ஆள் அடித்துக்கொண்டது.

ஆனால் அடுத்த வாரம் வாத்தியார் அங்கி போட்டபோது, போன வாரம் சுத்தமான வியாகப்பனும் கூட்டத்தோடு நின்று துப்பினான். மறுநாள் கடை திறக்கும்போது அவன் நெற்றியில் சாம்பல் திரும்பி வந்திருந்தது. இப்படியே இரண்டு மூன்று பேர் ஆன பிறகு கணக்கு எல்லாருக்கும் விளங்கிவிட்டது. வாங்குகிறவனுக்குப் போகும், கொடுக்கிறவனுக்கு வரும். அதுவும் மனசார இருக்க வேண்டும். பொண்டாட்டி புருஷனுக்காகப் பாவனையாகத் துப்பியது பலிக்கவில்லை. துப்புவதையே விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் இருந்த சாம்பல் போகவில்லை. அதோடு ஊர் அலுத்துவிட்டது. பட்டைகளை அவிழ்த்துப் போட்டார்கள். துண்டை மேலே ஏற்றிக் கட்டினார்கள்.

அதற்குப் பிறகு சாம்பல் இல்லாத நெற்றிதான் கண்ணை உறுத்தியது. பிறக்கிற பிள்ளைகளுக்குச் சிலுவை இருக்கிறதா என்று மருத்துவச்சி முதலில் பார்த்துச் சொல்ல, இருக்கிறது என்றால் தகப்பன் மிட்டாய் வாங்கப் போனான். மறுவருஷச் சாம்பல் புதனன்று பங்குச்சாமிக்கு வேலை வைத்தது அமலோற்பவம் ஒருத்திதான். அவர் பூசியதும் பீடத்தை விட்டு இறங்குவதற்குள் உதிர்ந்துபோனது. "வெறுநெத்தி" என்று பிள்ளைகள் பின்னால் கூவினார்கள். "ஒரு கரித்துண்டு எடுத்து இழுத்துக்கயேன், பாக்க நல்லா இருக்கும்ல" என்று நல்ல மனசோடு சொன்னவர்களும் உண்டு. முதலில் அவளுக்கு அந்த நெற்றி பெருமையாக இருந்தது. அப்பா விட்டுப்போன சொத்து என்று நினைத்தாள். பிறகு வருஷங்கள் போகப் போக, வாய் திறந்து பேச ஆளில்லாமல், ராத்திரிச் சோற்றை மிஷினைப் பார்த்துக்கொண்டே தின்று தின்று, கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் கஸ்பார் அம்பலம் சாகக் கிடந்தார்.

மருமகளை அனுப்பி அவளைக் கூப்பிட்டார். ஒரு வெயில் நேரத்தில் போனாள். பெரிய கட்டிலில், யேசுவுக்காக வளர்த்த தாடி இப்போது மஞ்சளாய்ப் பழுத்துக் கிடக்க, வயிறு வீங்கி, நெற்றியில் கன்னங்கறுத்த சிலுவையோடு படுத்திருந்தார். எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்.

"இதோட போயி கர்த்தர் முன்னாடி எப்பிடி நிப்பேன் ஆத்தா? இத்தன வருஷம் அவரா நின்ன ஆளு நான்."

அவள் கதவைச் சாத்தினாள்.

"துப்பச் சொல்லி மகன்கள்ட்ட கேட்டேன். அழுகுறானுங்க. வேலைக்காரன்கிட்ட கேட்டேன். கட்டில் காலுல துப்பிட்டு ஓடுறான். எம்மேல துப்ப ஊருல ஆளில்ல. ஒண்ணு பாசம், இல்லாட்டி பயம். நீ துப்பு."

"எனக்கு உங்க மேல கோவமில்ல பெரியய்யா."

"இருக்கும். தேடிப் பாரு."

துப்பினால் தனக்கு என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கட்டிலில் கிடந்தது ஒரு கிழட்டு உடம்பு. பயத்தில் அதன் கால்விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அப்பா இருந்தால் கொடுத்துவிட்டு வா என்றுதான் சொல்வார் என்று நினைத்தாள். கிட்டே போய், கண்ணை மூடிக்கொண்டு, இரக்கப்பட்டு, மெதுவாகத் துப்பினாள். எச்சில் கிழவரின் புருவத்தில் வழிந்து காதுக்குள் இறங்கியது. சிலுவை அசையவில்லை.

கஸ்பார் அம்பலம் பாவசங்கீர்த்தனத்தில் பேசுகிற குரலில் பேசினார்.

"ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும், நாடகம் முடிஞ்சதும், நான் சாயத்தக் கழுவிக்கிட்டு இருக்கும்போது உங்கப்பன் வருவான். கால்ல விழுவான். மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கய்யான்னு கேப்பான். அவனுக்கு நான் நான் இல்ல, கர்த்தரு, தெரியும்ல? நான் ஒரு வருஷமும் சொல்லல. சோடாவக் குடிச்சிக்கிட்டு வேற பக்கம் பாத்துக்குவேன். சொல்லிட்டா அடுத்த வருஷம் அவன் அம்புட்டு அழுதுகிட்டு வந்து முத்தம் குடுக்க மாட்டான்னு நெனச்சேன். சனம் அழுததே அவன் அழுகையப் பாத்துத்தான். நாடகத்துக்கு நல்லதுன்னு விட்டுட்டேன்."

அமலோற்பவம் முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"அவன் சாகுற அன்னிக்கு நீதான வந்த? வாசல்ல நின்னு, அப்பா அம்பலத்தய்யாவப் பாக்கணுங்கறாருன்ன. மதுரைக்குப் போயிருக்கேன்னு சொல்லச் சொன்னது நான்தான். உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

அவள் அன்றைக்குத் திரும்பி ஓடியிருந்தாள். அவர் ஊரில் இல்லையாம்ப்பா என்று சொன்னதும் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த முகம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. மூச்சுக்காகத் திரும்பினார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

அவளுக்குள்ளிருந்து வந்த சத்தம் மருமகளுக்குத் தாழ்வாரம் வரை கேட்டது. கட்டிலைப் பிடித்துக் குனிந்து, அடிவயிற்றிலிருந்து காறி, அந்த முகத்தில் துப்பினாள். போதாமல் மறுபடி துப்பினாள். அம்மா ஊற்றிய தண்ணீருக்காகவும், திரும்பிப்போன வண்டிகளுக்காகவும், குழிக்குள் விழுந்த எச்சிலுக்காகவும், வாய் வறண்டு துப்ப ஒன்றுமில்லாமல் போகும்வரை துப்பினாள். அவ்வளவு இனிப்பான ஒன்றை அவள் அதுவரை ருசித்ததில்லை.

கஸ்பார் அம்பலம் முகத்தைத் துடைக்கவில்லை. கண்ணாடி கேட்டார். மருமகள் ஓடி வந்து காட்டினாள். சந்தன நிறத்தில், சுருக்கத்தோடு, ஒரு பொட்டுக் கறையில்லாமல் இருந்தது நெற்றி. "சந்தோஷம் ஆத்தா. மகராசியா இரு" என்று சொல்லி, குழந்தை போல விம்மி விம்மிச் சிரித்தார்.

மறுநாள் பொழுது ஏறும்போது அவர் செத்தார் என்று கோயில் மணி அடித்தது. அமலோற்பவம் எழுந்து முகம் கழுவினாள். கண்ணாடி மேலிருந்த துணியை எடுக்கவில்லை. எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். எதிரே வந்த பெண்கள் அவள் நெற்றியை ஏறிட்டுப் பார்த்தார்கள், பிறகு எதுவும் நடக்காத மாதிரி, "அம்பலத்தய்யா வீட்டுக்குத்தான? வா, சேந்து போவம்" என்றார்கள்.

வாசலில் பேண்டு வாத்தியம் வந்து இறங்கியிருந்தது. சுத்தமான அந்த நெற்றியை முத்தி செய்ய ஆண்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளே பெண்கள் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் நிலைப்படியில் நின்றாள். ஒருத்தி நகர்ந்தாள், அவளைப் பார்த்து இன்னொருத்தியும் நகர்ந்தாள், நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் உண்டானது. உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் வேர்த்த தோள்கள் அவள் தோளில் பட்டன. அத்தனை வருஷத்துக்குப் பிறகு இன்னொரு உடம்பின் சூடு. அவளுக்கு அழுகை வந்தது. இறந்தவருக்காக அழுகிறாள் என்று நினைத்து ஒரு கிழவி முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஜெபமாலையில் ஒரு பத்துமணி முடிந்தது. பக்கத்தில் இருந்தவள் தன் ஜெபமாலையை அவள் மடியில் வைத்தாள்.

"அடுத்தத நீ சொல்லு அமலி."

அமலோற்பவம் மணியைப் பிடித்துத் தொடங்கினாள். மங்கள வார்த்தையின் பாதியில், வழக்கப்படி அவள் நிறுத்த, மீதியைக் காரையூரணிப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்லி முடித்தார்கள்.